தோடியைத் திருத்த வந்த செயலி: நாங்கள் செய்த தவறுகள்

மயிலாப்பூர் வீட்டில் அம்மா கீரை ஆய்ந்துகொண்டே தோடி ராகத்தில் நாலு வரி முனகினாள். பேத்தியின் தூளிக்காக அவளே கட்டியது. நானும் நண்பர்களும் செய்துகொண்டிருந்த பாட்டுச் செயலியைத் திறந்து, "அம்மா, இதுல பாடு" என்று நீட்டினேன். அது மின்னஞ்சல் கேட்டது, பிடித்த இசை வகை எதுவென்றது, தாளத்தின் வேகம் என்ன என்றது. கீரை முடிந்தது. "அப்புறம் பாக்கலாம்டா" என்றாள். பாட்டு போயே போய்விட்டது.

வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்பதுதான் முதல் தவறு. வாட்ஸ்அப்பில் குரல் அனுப்புவது எப்படி? அழுத்து, பாடு, விடு. வீட்டில் பாடுகிறவர்களுக்கு அதற்கு மேல் பொறுமை கிடையாது, இருக்கவும் வேண்டாம்.

இரண்டாம் தடவை பதிவானது. ஆனால் சுருதி திருத்தும் வசதியைத் தானாகவே ஓடும்படி வைத்திருந்தோம். எங்கள் பெரிய பிழை இதுதான். தோடியில் வரும் 'க', சாதாரண காந்தாரம் என்கிற ஸ்வரம், கீபோர்டில் ஒரே ஒரு கட்டை. தோடியில் பாடும்போது அது நிற்காது. ரிஷபத்துக்கும் (ரி) மத்யமத்துக்கும் (ம) நடுவே அசைந்துகொண்டே இருக்கும், அந்த அசைவுதான் காந்தாரம். செயலிக்குத் தெரிந்ததோ ஒரு ஸ்தாயிக்கு, அதாவது ஒரு 'ச'விலிருந்து அடுத்த 'ச' வரைக்கும், 12 இடங்கள். அசைவை வெட்டி, பக்கத்திலிருந்த இடத்தில் ஆணி அடித்துவிட்டது. அம்மா கேட்டுவிட்டு, "யாருடா இது, காலிங் பெல் மாதிரி?" என்றாள். இப்போது குரலை வளையும் கோடாக மட்டும் காட்டுகிறோம். திருத்தம் வேண்டுமென்பவர் தேடிப் போய்ப் போட்டுக்கொள்ளலாம். எல்லோருக்கும் ஒரே சுருதிதான், ஒரே கட்டைதான் என்ற நினைப்பையும் விட்டோம். அம்மாவுக்கு ஐந்து கட்டை, எனக்கு ஒன்று.

இரைச்சல் நீக்கும் வசதியிலும் இதே கதை. மாறாமல் ஒலிப்பதெல்லாம் இரைச்சல் என்பது அதன் கணக்கு. மின்விசிறி போகட்டும், தம்புராவும் மாறாமல் ஒலிப்பதுதானே! 2020 ஊரடங்கில் இணையத்தில் பாட்டு சொல்லிக்கொடுத்தவர்களைக் கேளுங்கள். சுருதிப்பெட்டி பாதியில் மறைந்த கதை சொல்வார்கள்.

பதிவின் தொடக்கத்திலுள்ள மௌனத்தை வெட்டுவதும் வேண்டாம். தாளம் போட்டுவிட்டு அரை இடம், அதாவது அரைத் தட்டு, தள்ளி எடுக்கிற பாட்டுகள் எத்தனை! அந்த அரை இடம் காலி இடமல்ல, பாட்டின் பங்கு.

வியாசர்பாடிப் பையன் ஒருவன் செயலியில் கானாவுக்குத் தாளம் தட்ட முயன்றான். புளூடூத் இயர்போன். தட்டியதும் ஒலி வர நொடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆனால் கை தடுமாறத்தான் செய்யும். போனை வைத்துவிட்டு மேசையில் தட்டினான், பிரமாதமாக வந்தது. தாமதத்தைக் குறைக்க முடியாவிட்டால், ஒயர் இயர்போன் மாட்டச் சொல்லி நேர்மையாக ஒரு வரி போடுங்கள்.

நூற்றுக்கு எத்தனை என்று மதிப்பெண் போடுவதைப் பற்றி என்ன சொல்ல? 2017-இல் யுனெஸ்கோவின் இசை நகரமான இந்த ஊரில் குறை சொல்ல ஆளா இல்லை?

பதிவுக்குப் பெயர் கேட்பதையும் எடுத்துவிட்டோம். அம்மாவின் போனில் தேதி மட்டும் போட்ட பதிவுகள் வரிசையாக இருக்கின்றன, பலவற்றில் பின்னால் குக்கர் சத்தம். அதை மட்டும் நீக்க ஒரு பொத்தான் வைக்கட்டுமா என்று கேட்டேன்.

"எதுக்குடா? மூணாவது விசில்லதான் ரெண்டாவது வரி எடுத்தேன். அது இருந்தாதான் ஞாபகம் வரும்."