மருந்து நிறுவனங்களில் உடைமை வகை செயல்திறனைப் பாதிக்கிறதா: அளக்கும் முறை

இந்திய மருந்துத் தொழிலில் அரசு நிறுவனங்கள், உள்நாட்டுத் தனியார் நிறுவனங்கள், வெளிநாட்டுத் தாய் நிறுவனங்களின் துணை நிறுவனங்கள் ஆகிய மூன்றும் பல பத்தாண்டுகளாக ஒரே சந்தையில் இயங்கிவருகின்றன. எனவே உடைமைக்கும் செயல்திறனுக்கும் உள்ள தொடர்பை ஆராய்வதற்கு இது பொருத்தமான துறை. மென்பொருளில் தரவைக் கொடுத்து, உள்ளீட்டை எவ்வளவு நன்றாக வெளியீடாக்குகிறது என்று ஒவ்வொரு நிறுவனத்துக்கும் திறன் மதிப்பெண் பெறுவது கடினமன்று. அந்த மதிப்பெண் உடைமையின் விளைவைக் காட்டுகிறதா, கணக்கு எழுதும் முறையின் விளைவைக் காட்டுகிறதா என்று பிரித்தறிவதே கடினம். ஆகவே இங்கே தரவைச் சீர்செய்வதற்கே அதிக இடம் தரப்படுகிறது.

முதலில் வகைப்படுத்த வேண்டும். செலுத்தப்பட்ட பங்கு மூலதனத்தில் 51 விழுக்காட்டுக்குக் குறையாமல் மத்திய, மாநில அரசுகளிடம் இருக்கும் நிறுவனத்தையே 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் அரசு நிறுவனம் என்கிறது. அந்த வரையறையே போதும். வெளிநாட்டு நிறுவனம் எது என்பதை, பங்குச் சந்தையில் சிதறிக் கிடக்கும் அந்நிய முதலீட்டைக் கூட்டிப் பார்த்து முடிவு செய்யாமல், கட்டுப்பாடு யார் கையில் இருக்கிறது என்பதைக் கொண்டு முடிவு செய்யவும். உடைமையை நிறுவனத்துக்கு ஒருமுறை அன்றி ஒவ்வோர் ஆண்டுக்கும் தனித்தனியே குறிப்பது அவசியம். இந்திய நிறுவனமான ரான்பாக்ஸியை 2008இல் ஜப்பானின் டாய்ச்சி சாங்கியோ வாங்கியது. 2015இல் ரான்பாக்ஸி இந்தியாவின் சன் பார்மாவுடன் இணைந்தது. ஒரே பெயர் இரு வகைகளில் இருந்திருக்கிறது. கைமாறிய ஆண்டை எந்த வகையிலும் சேர்க்காமல் விட்டுவிடுவது நல்லது.

தரவுக்குப் பெரும்பாலோர் இந்தியப் பொருளாதாரத்தைக் கண்காணிக்கும் சி.எம்.ஐ.இ. அமைப்பின் ப்ரோவெஸ் என்ற நிறுவனக் கணக்குத் தொகுப்பை நாடுகின்றனர். அதில் துணை நிறுவனங்களையும் சேர்த்துக் காட்டும் ஒருங்கிணைந்த கணக்கைத் தவிர்த்து, நிறுவனத்தின் தனிக் கணக்கையே எடுக்கவும். இல்லையேல் இந்திய நிறுவனங்களின் அமெரிக்க, ஐரோப்பிய வணிகமும் உள்நாட்டு ஆலையின் கணக்கில் வந்து சேர்ந்துவிடும். கணக்காண்டை மாற்றிய நிறுவனங்களுக்கு 9 மாதக் கணக்கும் 15 மாதக் கணக்கும் இருக்கும். அவற்றை 12 மாதங்களுக்குச் சரிப்படுத்த வேண்டும். உற்பத்தி நின்றுபோன பிறகும் சம்பளம் மட்டும் கணக்கில் ஏறிக்கொண்டிருந்த அரசு ஆலைகளின் ஆண்டுகளை நீக்கிவிடவும்.

உள்ளீடுகளாக மூலப்பொருள், ஊதியம், எரிசக்தி, நிலைச் சொத்து ஆகிய நான்கையும் எடுப்பது வழக்கம். இங்கேதான் பெரும்பிழை நேர்கிறது. வெளிநாட்டுத் துணை நிறுவனங்கள் பலவும், உள்நாட்டு நிறுவனங்கள் சிலவும், தங்கள் பிராண்டு மாத்திரைகளில் கணிசமான பங்கை ஒப்பந்த உற்பத்தியாளர்களிடம் தயாரித்து வாங்கி விற்கின்றன. அந்தச் செலவு மூலப்பொருள் என்ற தலைப்பில் வராது. விற்பனைக்காக வாங்கிய சரக்கு என்ற தனி வரியில் இருக்கும். எடுத்துக்காட்டாக, தலா 100 கோடி ரூபாய்க்கு விற்கும் இரு நிறுவனங்களைக் கற்பனை செய்துகொள்வோம். முதலாவது 40 கோடிக்கு மூலப்பொருள் வாங்கி அனைத்தையும் தானே தயாரிக்கிறது. இரண்டாவது 12 கோடிக்கு மூலப்பொருளும் 35 கோடிக்குத் தயாரான சரக்கும் வாங்குகிறது. மூலப்பொருள் வரியை மட்டும் எடுத்தால், இரண்டாவது நிறுவனம் ஒரு ரூபாய்ப் பொருளிலிருந்து 8 ரூபாய்க்கு மேல் விற்பனை காண்பதாகவும், முதலாவது இரண்டரை ரூபாயே காண்பதாகவும் தோன்றும். வாங்கிய சரக்கையும் சேர்த்தால் இரண்டாவதின் விகிதம் ஏறத்தாழ 2.1 ஆகிறது, வரிசையே தலைகீழாகிவிடுகிறது. எனவே அந்த வரியைப் பொருட்செலவோடு கூட்டவும், அல்லது அந்தச் சரக்கின் விற்பனையை வெளியீட்டிலிருந்து கழிக்கவும்.

ஆராய்ச்சிச் செலவிலும் இத்தகைய சாய்வு உண்டு. இந்திய நிறுவனம் தன் ஆய்வுக்கூடச் செலவைத் தன் கணக்கிலேயே சுமக்க, துணை நிறுவனத்தின் மருந்துக்கான ஆய்வு பெரும்பாலும் வெளிநாட்டுத் தாய் நிறுவனத்தின் கணக்கில் போய்விடுகிறது. மாறாக, தாய் நிறுவனத்திடமிருந்து மூல மருந்தை உயர்ந்த விலைக்கு வாங்கினால், திறனுள்ள துணை நிறுவனமும் திறனற்றதாகத் தோன்றும். நிலைச் சொத்தைப் பொறுத்தவரை, நிலத்தின் மதிப்பை விலக்குவதே முறை.

வெளியீட்டை ரூபாயில் அளப்பதால் விலையும் திறனாக வேடமிட்டு வரும். ஒரே மாத்திரையைத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் டெண்டருக்கு விற்பவர் பெறும் விலை வேறு, பிராண்டு பெயரில் கடைக்கு விற்பவர் பெறும் விலை வேறு. பொதுத்துறை நிறுவனங்களிடமிருந்து 103 மருந்துகளை வாங்க 2013இல் மத்திய அரசு வகுத்த கொள்முதல் கொள்கையையும் இதே காரணத்துக்காகக் கவனிக்க வேண்டும். மருந்துக்கான மொத்த விலைக் குறியீட்டெண் காலப்போக்கில் விலை ஏறுவதைச் சரிசெய்யுமே தவிர, இந்த வேறுபாட்டைச் சரிசெய்யாது. ஏற்றுமதிப் பங்கு, விளம்பரச் செலவு விகிதம் ஆகியவற்றைக் கட்டுப்பாட்டு மாறிகளாக, அதாவது அவற்றின் விளைவைப் பிரித்தெடுக்கும் மாறிகளாக, சேர்ப்பது ஓரளவு உதவும்.

முறைகள் இரண்டு. சிறந்த நிறுவனங்கள் எட்டிய அளவை எல்லையாகக் கொண்டு மற்றவை அதிலிருந்து எவ்வளவு விலகியுள்ளன என்று அளப்பது தரவு உறைப் பகுப்பாய்வு. அதில், எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே எல்லையை வரைந்து மதிப்பெண் கண்டு, பிறகு அதை உடைமையோடு சாதாரண ரிக்ரஷனில், அதாவது மாறிகளுக்கிடையேயான தொடர்பை மதிப்பிடும் முறையில், இணைப்பது பரவலான பழக்கம். மதிப்பெண்கள் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதால் அது சரியன்று. 2007இல் சிமாரும் வில்சனும் முன்வைத்த, செயற்கை மாதிரிகளைத் திரும்பத் திரும்ப உருவாக்கி மதிப்பிடும் பூட்ஸ்ட்ராப் முறையைப் பின்பற்றலாம். இரண்டாவது, எல்லையிலிருந்து விலகுவதில் தற்செயல் பிழையையும் திறனின்மையையும் பிரித்துப் பார்க்கும் நிகழ்தகவு எல்லை முறை. அதில், 1995ஆம் ஆண்டின் பாட்டீஸ், கோயெல்லி மாதிரி உடைமையை ஒரே படியிலேயே மதிப்பிட வழி தருகிறது. அங்கே கெழு, அதாவது உடைமையின் விளைவைக் காட்டும் எண், விளக்குவது திறனின்மையை. எனவே எதிர்க்குறி வந்தால் அந்த உடைமை திறனை உயர்த்துகிறது என்று பொருள். இதைத் தலைகீழாக வாசிப்போர் உண்டு.

இவ்வளவு செய்தாலும் காரணம் நிறுவப்பட்டுவிடாது. நலிந்துபோன பெங்கால் கெமிக்கல்ஸை அரசு 1980இல் நாட்டுடைமையாக்கியது; வெளிநாட்டவரோ ஏற்கெனவே நன்றாக நடந்துகொண்டிருந்த நிறுவனங்களைத் தேடி வாங்கும் நிலையில் இருந்தனர். ஆகவே கைமாறிய நிறுவனங்களை, கைமாறுவதற்கு முந்தைய ஆண்டுகளில் அளவிலும் திறனிலும் அவற்றை ஒத்திருந்த, கைமாறாத நிறுவனங்களோடு இணைத்து, முன்னும் பின்னும் ஏற்பட்ட மாற்றத்தை ஒப்பிடவும். அரசுப் பிரிவில் மத்தியப் பொதுத்துறை மருந்து நிறுவனங்களாக இருந்தவை ஐந்துதான்: இந்தியன் டிரக்ஸ் அண்ட் பார்மசூட்டிகல்ஸ் (ஐ.டி.பி.எல்.), ஹிந்துஸ்தான் ஆன்டிபயாட்டிக்ஸ், பெங்கால் கெமிக்கல்ஸ், கர்நாடகா ஆன்டிபயாட்டிக்ஸ், ராஜஸ்தான் டிரக்ஸ். இவ்வளவு சிலவற்றைக் கொண்டு தனி எல்லை வரைய முடியாது. லாபம் ஈட்டிவந்த கர்நாடகா ஆன்டிபயாட்டிக்ஸில் தொடங்கி, ஒவ்வொரு நிறுவனத்தையும் ஒருமுறை நீக்கிவிட்டு மறுபடி மதிப்பிட்டு, ஐந்து கெழுக்களையும் அட்டவணையில் அருகருகே கொடுக்கவும்.