நட்சத்திர மீனைப் பட்டினி போடாமல் வளர்ப்பது எப்படி?

வீட்டில் கடல் தண்ணீர் தொட்டி வைத்து நட்சத்திர மீன் வாங்கிய பலரும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள்: "நாலு மாசம் நல்லாத்தான் இருந்துச்சு, திடீர்னு கை கரைஞ்சு போச்சு." திடீரென்று எல்லாம் இல்லை, வாங்கி வந்த நாளிலிருந்தே அது பட்டினி கிடந்திருக்கும். மீன் என்றால் வயிறு ஒட்டிப்போவது கண்ணுக்குத் தெரியும். இதற்கு மேலே விறைப்பான தோல், உள்ளே காலியாகிக்கொண்டே வந்தாலும் வெளியே ரொம்ப நாளைக்கு அதே உருவம்தான்.

நான் முதலில் வாங்கியது நீல லிங்கியா என்கிற நட்சத்திர மீன் வகை. இறால் வைத்தேன், கணவாய் வைத்தேன், அது பாட்டுக்கு மேலே ஏறிப் போய்விட்டது. பாறைமேல் படிகிற மெல்லிய பாசி, நுண்ணுயிர்ப் படலத்தை மேய்கிற பிராணி அது. என் தொட்டியோ வைத்து மூன்று மாதம்கூட ஆகாதது, அதில் மேய என்ன இருக்கும்? ஐந்தாவது மாதம் போய்ச் சேர்ந்தது. மணலுக்குள் புதைந்து திரிகிற ஆஸ்ட்ரோபெக்டென் வகை நட்சத்திர மீன் கதையும் இதேதான். மணலைச் சுத்தம் செய்யும் என்று கடையில் சொல்லி விற்பார்கள். அது அழுக்கைத் தின்னாது, அழுக்கைத் தின்கிற புழுவையும் குட்டி நத்தையையும் தின்னும், அதெல்லாம் தீர்ந்ததும் தானும் சாகும்.

அதனால் முதல் தடவை வாங்குகிறவர்கள் சாக்லேட் சிப் வகை நட்சத்திர மீனை வாங்குங்கள். வெளிர் மண் நிற உடம்பில் கரும்பழுப்புக் கொம்புகள் இருக்கும், பார்த்ததும் தெரிந்துவிடும். ராமேஸ்வரம் பக்கம் வலையில் சிக்குகிற சிவப்புக் கொம்புக்காரன் இதற்குப் பங்காளி. கையில் கொடுப்பதைத் தின்னும் என்பதுதான் இதை வளர்ப்பதில் உள்ள பெரிய நிம்மதி. ஒரு குறை, பவளம், கடல் சாமந்தி, சிப்பி எதையும் விட்டுவைக்காது, ஆகவே இவை இல்லாத தொட்டியில்தான் விட வேண்டும். 200 லிட்டருக்குக் குறையாமல், ஆறு மாதமாவது ஓடிய தொட்டியாக இருக்கட்டும். டிரிகர் மீன், பேத்தை மீன், ஹார்லிகுவின் இறால் கூட வேண்டவே வேண்டாம். அந்த இறாலுக்குச் சாப்பாடே நட்சத்திர மீன்தான்.

கொண்டு வந்த அன்று அவசரப்படாதீர்கள். இதன் உடம்புக்குள் ரத்தம் ஓடுவதில்லை, கைகளுக்கு அடியில் இருக்கும் குட்டிக் குழாய்க்கால்களை இயக்குவதே உள்ளே இழுத்துக்கொள்ளும் கடல் தண்ணீர்தான், வெளியே உப்பு மாறினால் உள்ளேயும் மாறும், அதைச் சரிக்கட்ட அதற்கு வழி கிடையாது. கடைகளில் உப்பை மிச்சம் பிடிக்க, தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று காட்டும் அடர்த்தியை 1.020 வாக்கில் வைத்திருப்பது சகஜம். நம் தொட்டியில் 1.025 இருக்கும். கவரைக் கவிழ்த்தால் அன்றைக்கே பாதி உயிர் போய்விடும். ஒரு சின்ன பக்கெட்டில் கவர்த் தண்ணீரோடு விட்டு, ஏர் டியூபில் முடிச்சுப் போட்டு நொடிக்கு இரண்டு மூன்று சொட்டு விழும்படி தொட்டித் தண்ணீரை இறக்குங்கள். இரண்டு மணி நேரம் குறைந்தபட்சம், வித்தியாசம் அதிகமென்றால் நாலு மணி நேரம். மாற்றும்போதும் காற்றில் தூக்காமல், தண்ணீருக்குள்ளேயே ஒரு கிண்ணத்தில் ஏந்தி மாற்றிவிடுங்கள்.

சரி, சாப்பாடு. இறால், கணவாய், மட்டி, எதுவானாலும் மசாலா, உப்பு படாத பச்சைக் கறி, சுண்டைக்காய் அளவுத் துண்டு. ஃப்ரீசரில் இருந்தால் முழுசாக உருகவிட்டுக் கழுவிக்கொள்ளுங்கள். வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை போதும். நீளமான இடுக்கியில் பிடித்து ஒரு கையின் நுனிக்கு அருகில் மணலில் வையுங்கள். கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்காது. அப்புறம் நுனி லேசாக மேலே சுருளும், குழாய்க்கால்கள் துண்டைத் தொட்டு ஒவ்வொன்றாக நடுவுக்குத் தள்ளும், உடம்பு குடை மாதிரி எழும்பி அப்படியே உட்கார்ந்துவிடும். அடியில் என்ன நடக்கிறதென்றால், வயிற்றையே வாய் வழியாக வெளியே தள்ளிக் கறியைக் கரைத்துக்கொண்டிருக்கும். பார்க்கும் ஆசையில் தூக்கிவிடாதீர்கள். சில மணி நேரம் அப்படியே கிடக்கட்டும். துறவி நண்டோ கிளீனர் இறாலோ இருந்தால் துண்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடும், ஓட்டை உள்ள சின்ன பிளாஸ்டிக் கூடையை மேலே கவிழ்த்துவிட்டால் தகராறு இல்லை. மறுநாள் மிச்சம் கிடந்தால் எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அம்மோனியா ஏறும்.

சென்னையில் இருப்பவர்களுக்கு உண்மையான எதிரி மே மாதம்தான். வெப்பம் 24 முதல் 26 டிகிரிக்குள் இருக்க வேண்டும், மூடிய அறையில் தொட்டி 32ஐத் தாண்டிவிடும். தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் வாங்க முடிந்தால் வாங்கிவிடுங்கள். தண்ணீர் மேல் ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும், ஆனால் தண்ணீர் வேகமாக ஆவியாகும், உப்பு ஆவியாகாது. குறைவதற்கு வெறும் ஆர்ஓ தண்ணீரைத் தினமும் ஊற்றுங்கள், உப்புக் கரைசலை ஊற்றினால் அடர்த்தி ஏறிக்கொண்டே போகும்.

மீனுக்கு வெள்ளைப்புள்ளி வந்தால் தாமிரம் கலந்த மருந்தை இந்தத் தொட்டியில் ஊற்றவே கூடாது. மீனை வேறு தொட்டிக்கு மாற்றி அங்கே வைத்தியம் பாருங்கள்.

உடம்பு சரியில்லை என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? தானாக மல்லாந்து கிடந்தால் கவனியுங்கள். ஆரோக்கியமானது ஒரு கை நுனியை மடக்கி, தரையைப் பிடித்துச் சில நிமிடங்களில் புரண்டுவிடும். ஒரு மணி நேரமாகியும் மல்லாந்தே கிடந்தாலோ, தோலில் வெள்ளைத் திட்டு தெரிந்து கை தொளதொளத்தாலோ உப்பையும் அம்மோனியாவையும் உடனே சோதித்து, தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். சின்னக் காயம் என்றால் மெல்ல ஆறிவிடும், போன கை நுனிகூட மாதக்கணக்கில் வளர்ந்து வரும். நடு உடம்பு கரைய ஆரம்பித்தால் பிழைக்காது, அதை வெளியே எடுத்துவிட்டு அன்றைக்கே கால்வாசித் தண்ணீரை மாற்றுங்கள், உள்ளே இருக்கும் மீன்களாவது தப்பிக்கும்.