கதவில் தெரியும் மின்கம்பம்: காரைப் படமெடுக்கத் தொடங்குபவர்களுக்கு

கார் படம் சரியாக வரவில்லை என்றால் பழி முதலில் கேமராவின் மேல்தான் விழும். கடைக்குப் போவதற்கு முன், பிடிக்கவில்லை என்று ஒதுக்கிய உங்கள் பழைய படங்களில் ஐந்தாறைத் தேடி எடுங்கள். கைப்பேசியில் எடுத்தவையாக இருந்தாலும் போதும்.

படி 1: ஒதுக்கிய படத்தை ஆராயுங்கள்

படத்தைப் பெரிதாக்கி, காரை விட்டுவிட்டு, காரின் மேல் என்ன தெரிகிறது என்று மட்டும் பாருங்கள். கதவில் நெளிந்த மின்கம்பம், பானட்டில் எதிர்வீட்டு மாடி, பின்கதவில் கைப்பேசியோடு நீங்களே. பளபளப்பான வண்ணப்பூச்சு ஒரு கண்ணாடி. எதிரே இருப்பதெல்லாம் அதில் வந்து உட்கார்ந்துகொள்ளும். தொடக்கநிலைப் படங்களின் குறைகளில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது என்பது என் கணிப்பு.

ஒவ்வொரு படத்துக்கும் ஒரு குறையைக் குறித்துவையுங்கள். 'அழகாக இல்லை' என்று எழுதினால் பயனில்லை. 'முன்கதவில் சுவர் விழுந்திருக்கிறது' என்று எழுதினால் அடுத்த முறை எதை மாற்றுவது என்று தெரியும். படத்தின் விவரப் பகுதியில் நேரம், ஷட்டர் வேகம் (ஒளி கேமராவுக்குள் வரும் நேர அளவு), லென்ஸின் குவியத் தூரம் (மி.மீ. கணக்கு, எண் சிறிதானால் காட்சி அகலும்) ஆகியவை பதிவாகியிருக்கும். அவற்றையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

படி 2: உங்கள் முதுகுக்குப் பின்னால் பாருங்கள்

காருக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எல்லோரும் பார்க்கிறார்கள். கூரையிலிருந்து விளக்குக் கம்பம் முளைத்ததுபோல் தெரியாமல் இருக்க அதுவும் தேவைதான். ஆனால் காரின் பக்கவாட்டில் விழப்போவது உங்களுக்குப் பின்னால் இருக்கும் காட்சி. அங்கே திறந்த மைதானமும் வானமும் இருந்தால், கதவின் வளைவு ஒரே சீரான ஒளிக்கோடாகத் தெரியும். கடைத்தெரு இருந்தால் கடைத்தெருவே தெரியும். காரைச் சற்றே திருப்பி நிறுத்தினாலும் பிரதிபலிப்பு முழுதும் மாறிவிடும். எனவே காரை நகர்த்தச் சோம்பல்படாதீர்கள்.

நண்பகல் வெயிலைத் தவிருங்கள். கூரை வெளுத்துப்போகும், சக்கரங்கள் இருட்டில் மறையும். சூரியன் மறைந்தபின் வானம் முழுவதும் ஒரு பெரிய மென்விளக்காக மாறும் நேரமே சிறந்தது. இதில் ஓர் எச்சரிக்கை: ஐரோப்பியர்களின் விளக்கங்களைப் படித்துவிட்டு நிதானமாக இருக்க முடியாது. லண்டனில் ஜூன் மாத அந்தி முக்கால் மணி நேரம் நீளும். சென்னையில் சுமார் 22 நிமிடங்களில் முடிந்துவிடும். வெளிச்சம் இருக்கும்போதே காரை நிறுத்தி, கோணத்தை முடிவு செய்து, முக்காலியை ஊன்றிவிடுங்கள்.

போலரைசர் ஃபில்டர் வாங்கலாமா என்று கேட்பீர்கள். வாங்கலாம், கார் படத்துக்கு உண்மையிலேயே உதவும் துணைக்கருவி அது. லென்ஸின் முன் மாட்டிச் சுழற்றினால் முன்கண்ணாடியிலும் வண்ணப்பூச்சிலும் விழும் பிரதிபலிப்பு குறையும். குரோம் பட்டைகளில் அதன் வித்தை பலிக்காது. உடல் வளைந்திருப்பதால் பானட் தெளிவானால் கதவு தெளியாது. எது முக்கியம் என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். பக்கக் கண்ணாடிகளில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். கண்ணாடியைச் சூடாக்கிக் குளிர்வித்து உறுதியாக்கும்போது உள்ளே தங்கிவிட்ட அழுத்தம்தான் அப்படித் தெரிகிறது.

படி 3: விலகுங்கள், குனியுங்கள், ஸ்டியரிங்கைத் திருப்புங்கள்

மூக்கு வீங்கி, பின்பக்கம் சுருங்கிய கார் உங்கள் படங்களில் இருக்கிறதா? குவியத் தூரத்தைப் பாருங்கள். பெரும்பாலான கைப்பேசிகளின் முதன்மை லென்ஸ், முழுச்சட்டக் கேமராவின் 24 முதல் 26 மி.மீ. லென்ஸுக்கு இணையானது. அதை வைத்துக்கொண்டு பம்பருக்கு மூன்றடி தூரத்தில் நின்றால் அப்படித்தான் வரும். ஏழெட்டு மீட்டர் விலகி, இரண்டு அல்லது மூன்று மடங்கு பெரிதாக்கும் லென்ஸுக்கு மாறுங்கள். தனிக் கேமராவென்றால் 50 முதல் 85 மி.மீ. வரை.

நின்ற உயரத்திலிருந்து எடுத்தால் கூரைதான் படத்தை நிறைக்கும். ஹெட்லைட் உயரத்துக்குக் குனியுங்கள். முன்பக்க மூலையிலிருந்து எடுக்கும்போது, நீங்கள் நிற்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக ஸ்டியரிங்கைத் திருப்பினால் டயரின் ரப்பருக்குப் பதில் சக்கரத்தின் முகம் உங்களைப் பார்க்கும். ஜன்னல்கள் எல்லாம் ஏற்றியிருக்கட்டும், அல்லது எல்லாம் இறக்கியிருக்கட்டும்.

படி 4: வெள்ளையும் கறுப்பும்

கேமரா எதையும் நடுத்தரச் சாம்பலாகவே அளக்க முயலும். அதனால் வெள்ளை கார் அழுக்கேறியதுபோலவும் கறுப்பு கார் வெளுத்தும் வரும். வெள்ளைக்கு எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) +0.7 கூட்டுங்கள், கறுப்புக்கு அதே அளவு குறையுங்கள்.

படி 5: ஓடும் கார்

ஓடும் காரை 1/1000 நொடியில் எடுத்துவிட்டு, நிறுத்தி வைத்த கார்போல் இருக்கிறதே என்று வருந்துபவர்கள் அதிகம். கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போகும் கார் அந்த நேரத்தில் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாகவே நகரும். சக்கரம் அசையாததுபோல்தான் தெரியும். 1/60 நொடியில் பதினெட்டு சென்டிமீட்டர் நகர்கிறது, சக்கரம் ஒரு சுற்றில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு சுழல்கிறது. படத்துக்கு ஓட்டத்தைத் தருவது அந்தச் சுழற்சிதான்.

நகரும் காரை விடாமல் பின்பற்றும் தொடர் ஃபோகஸையும் தொடர்ச்சியாக எடுக்கும் வசதியையும் இயக்குங்கள். கால்களை, கார் உங்களுக்கு நேரே வரப்போகும் இடத்தை நோக்கி ஊன்றி, இடுப்பை மட்டும் திருப்பி, தூரத்திலேயே காரைப் பிடித்துப் பின்தொடருங்கள். பொத்தானை அழுத்தியபின்னும் திருப்புவதை நிறுத்தாதீர்கள். நிறுத்துவதால்தான் பெரும்பாலான படங்கள் கலங்குகின்றன. பத்தில் ஒன்று தெளிவாக வந்தால் நல்ல கணக்கு. 1/60 பழகியபின் 1/30 முயலலாம்.

சாலையோரத்தில் இறங்கி நின்று இதைப் பழகாதீர்கள். இருங்காட்டுக்கோட்டை, கோவை செட்டிபாளையம் பந்தயத் தடங்களில் போட்டி நடக்கும் நாளில் பார்வையாளர் பகுதியிலிருந்து எடுங்கள். ஒரே வளைவில் ஒரே கார் மீண்டும் மீண்டும் வரும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஷட்டர் வேகத்தை மட்டும் மாற்றி, எந்த எண்ணில் என்ன ஆனது என்று வீட்டில் ஒப்பிடலாம்.