"எனக்கு எல்லாரும் ஒன்றுதான்" என்று சொல்லாதீர்கள்: பயிற்சியில் இருக்கும் மனநல ஆலோசகர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தன்பாலீர்ப்புள்ளவர்களும் (தன் பாலினத்தவர்மீதே ஈர்ப்புள்ளவர்கள்) திருநர்களும் (பிறப்பில் குறித்த பாலினத்தோடு ஒத்துப்போகாதவர்கள்) கவுன்சலிங்குக்கு வந்தால், திருத்தப் பார்க்காமல் இருக்கிறபடியே ஏற்றுப் பேச வேண்டும் என்று பயிற்சியில் சொல்லித்தருவார்கள். சரி என்று தலையாட்டிவிட்டுத்தான் நானும் முதல் அமர்வில் உட்கார்ந்தேன். "எனக்கு எல்லாரும் ஒன்றுதான்" என்றேன். எதிரே இருந்தவர் லேசாகச் சிரித்தார். எனக்கு ஒன்றாக இருக்கலாம். வாடகைக்கு வீடு தேடும்போதும் வேலையிடத்திலும் அவருக்கு அப்படி இல்லையே! அவர் சொல்ல வந்ததில் பாதியை அந்த ஒரு வரியால் அடைத்துவிட்டேன்.

வந்தவரிடமே பாடம் கேட்பது அடுத்த தவறு. "திருநம்பி என்றால் யார், ஊடுபால் என்றால் என்ன?" என்று கேட்டால், காசும் கொடுத்து வகுப்பும் எடுக்கிறார் என்று ஆகிவிடும். (திருநம்பி, பிறப்பில் பெண் என்று குறிக்கப்பட்டு ஆணாகத் தன்னை உணர்பவர்; ஊடுபால், ஆண், பெண் என்ற வழக்கமான உடலமைப்புக்குள் அடங்காமல் பிறப்பது.) சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், 2021இல் பாதுகாப்பு கேட்டு வந்த, இணையராக வாழும் இரு பெண்களின் வழக்கில், தனக்கு இதில் போதிய புரிதல் இல்லை என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்டு உளவியலாளர் ஒருவரிடம் அமர்வுக்குப் போனார். அந்த வழக்கில் அவருடைய ஜூன் மாத உத்தரவு அதற்குப் பிறகுதான் வந்தது. நமக்கு மட்டும் என்ன சோம்பல்? சொற்களுக்குத் தமிழ்நாடு அரசே 2022இல் அரசிதழில் பட்டியல் வெளியிட்டிருக்கிறது.

எல்லாவற்றையும் பாலீர்ப்பிலேயே கொண்டுபோய் முடிச்சுப் போடவும் வேண்டாம். தூக்கமில்லை என்று வந்தவருக்கு நைட் ஷிஃப்ட்கூடக் காரணமாக இருக்கலாம்.

நான் மிகவும் பயப்படுவது, "வீட்டில் சொல்லிவிடுங்கள், மனசு லேசாகும்" என்ற அறிவுரைக்கு. வரன் பார்க்கிற வீட்டில் அது போனைப் பிடுங்குவதிலோ, அறையில் பூட்டிவைப்பதிலோ, அவசரக் கல்யாணத்திலோ முடியலாம். துரத்தினால் அன்றிரவு எங்கே தங்குவார், ஏடிஎம் கார்டு யார் கையில், சான்றிதழ்கள் எங்கே என்பதையெல்லாம் முதலில் பேசுங்கள். "இப்போதைக்குச் சொல்லப்போவதில்லை" என்று அவர் முடிவெடுத்தால் அதையும் மதியுங்கள்.

அப்புறம் பெற்றோர். கட்டணம் அவர்கள் கட்டினாலும், வயதுவந்த பிள்ளை பேசியது அவர் அனுமதியில்லாமல் வெளியே போகக் கூடாது. "மாற்ற முடியுமா?" என்று கேட்டால் "பார்க்கலாம்" என்று மழுப்பாதீர்கள். தன்பாலீர்ப்பை உலக சுகாதார நிறுவனம் 1990இலேயே நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. மாற்றுகிறேன் என்று சிகிச்சை தருவது தொழில் ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் டாக்டர்களுக்கு அறிவித்தது. நாம் டாக்டர் இல்லையே என்று நழுவ வேண்டாம். "முடியாது, மாற்றத் தேவையும் இல்லை" என்று முதல் நாளே சொல்லுங்கள். சிலர் எழுந்து போய்விடுவார்கள். உட்கார்ந்திருப்பவர்களிடம், ஊர் என்ன சொல்லுமோ என்ற அவர்களுடைய பயத்தைப் பற்றிப் பேச ஆரம்பிக்கலாம்.