ஓடுபவர்களே, ஃபெரிட்டின் பார்த்தீர்களா?

பத்து கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தவள், ஐந்திலேயே உட்கார இடம் தேட ஆரம்பித்தேன். மூன்று மாதம் ஷூவைத்தான் திட்டினேன். கோளாறு இரும்புச்சத்தில் இருந்தது.

முதலில் ரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபினை மட்டும் பார்த்து நிம்மதியாகிவிடாதீர்கள், நான் ஏமாந்தது அங்கேதான். எனக்கு 12.6. பெண்களுக்கு 12-க்குக் கீழே போனால்தான் சோகை. ஆனால் உடம்பில் சேமித்து வைத்த இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் 11. புழங்கும் காசு ஹீமோகுளோபின் என்றால், உண்டியலில் இருப்பது ஃபெரிட்டின். 15-க்குக் கீழே என்றால் உண்டியல் காலி. வழக்கமான ரத்தப் பரிசோதனையில் இது வராது, தனியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

மாத்திரை டாக்டர் சொன்னால் மட்டும். மிஞ்சிய இரும்பை வெளியேற்ற உடம்பில் வழி கிடையாது.

சாப்பாட்டில் முருங்கைக்கீரை, கேழ்வரகு, கறி சாப்பிடுவோருக்குச் சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்). கீரையில் உள்ள இரும்பு லேசில் உடம்பில் ஒட்டாது, எலுமிச்சை பிழியுங்கள் அல்லது நெல்லிக்காய் சேருங்கள். நான்ஸ்டிக்கைப் பரணில் போட்டுவிட்டு இரும்புச் சட்டியில் புளிக்குழம்பு வையுங்கள் என்பது என் கட்சி. புளிப்புக்கு இரும்பு கொஞ்சம் கரைந்து இறங்கும். குழம்பு கறுக்கும், கொதித்ததும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடுங்கள்.

இனி என்னைக் கவிழ்த்த இடம்: டீ. ஓடி வந்து குளித்து, கேழ்வரகு தோசையோடு ஒரு ஸ்ட்ராங் டீ. அந்த டீயில் இருக்கும் டேனின் இரும்பைப் பிடித்துக்கொண்டு குடலில் சேரவிடாது. பால் வேறு, அதன் கால்சியமும் தடைதான். போதாததற்கு, கடுமையாக ஓடியபின் மூன்று முதல் ஆறு மணி நேரத்தில் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறி, குடலின் கதவைச் சாத்தும். அதனால் மாத்திரையை ஓடி முடித்த அரை மணிக்குள், எலுமிச்சைச் சாற்றோடு போட்டுக்கொண்டேன். டீ பதினோரு மணிக்குத் தள்ளிப்போனது. முதல் வாரம் தலைவலி, வீட்டில் எல்லோரிடமும் சண்டை. மூன்று மாதத்தில் ஃபெரிட்டின் 34.

பிற்சேர்க்கை: காபி பரவாயில்லையா என்று பலர் கேட்டீர்கள். இல்லை, அதுவும் தடுக்கும். இன்னொருவர் காய்ச்சலோடு போய்ப் பரிசோதித்து, ஃபெரிட்டின் 90 என்று சந்தோஷப்பட்டிருந்தார். உடம்பில் அழற்சி இருந்தால் அந்த எண் பொய்யாக ஏறும். நீண்ட ஓட்டத்துக்கு மறுநாளும் ஏறலாம். காய்ச்சல் விட்டு இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி பாருங்கள், முந்தின நாள் ஓடாமல்.