"அரசு முன்வருமா?" என்று மட்டும் கேட்காதீர்கள்: பேரவையில் தொகுதிக் கேள்விகளை வீணாக்கும் தவறுகள்

தமிழ்நாடு சட்டப்பேரவையின் கேள்வி நேரத்தைத் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு ஒரு பதில் மனப்பாடமாகியிருக்கும்: "உறுப்பினரின் கோரிக்கை நிதிநிலைக்கு ஏற்பப் பரிசீலிக்கப்படும்." உறுப்பினர் நன்றி சொல்லி அமர்வார். அன்று மாலைக்குள் அந்தக் காணொலி தொகுதியின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும். அடுத்த மழைக்கும் தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடும், பள்ளிப் பிள்ளைகள் சுற்றுவழியில் போவார்கள்.

இதில் அமைச்சரை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பல நேரங்களில் அந்தப் பதிலைத் தவிர வேறு பதில் தேவைப்படாத மாதிரிதான் கேள்வி எழுதப்பட்டிருக்கிறது. கேட்கும் எம்.எல்.ஏ., கேள்வியைத் தயாரிக்கும் உதவியாளர், மனு எழுதிக் கொடுக்கும் ஊர்க்காரர்கள் என மூன்று தரப்புக்குமே இதில் பங்கு உண்டு.

கோரிக்கையும் கேள்வியும் ஒன்றல்ல

"தரைப்பாலத்தை உயர்மட்டப் பாலமாக மாற்ற அரசு முன்வருமா?" நம் பேரவையில் அதிகம் கேட்கப்படும் வடிவம் இதுதான். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இதற்கு ஆம், இல்லை, பரிசீலிக்கிறோம் என்று மூன்றே பதில்கள்தான் உண்டு. மூன்றாவதைச் சொல்வதில் அமைச்சருக்கு எந்தச் சிரமமும் இல்லை.

ஒரு பாலம் கட்டப்படுவதற்கு முன் அது பல மேசைகளைக் கடக்க வேண்டும். கீழ்நிலைப் பொறியாளர் கருத்துரு அனுப்ப வேண்டும். மண் ஆய்வும் நில அளவையும் நடக்க வேண்டும். மதிப்பீடு தயாராகி, நிர்வாக ஒப்புதலுக்கான அரசாணை வந்து, நில எடுப்பு முடிந்து, ஒப்பந்தப்புள்ளி கோரப்பட வேண்டும். வேலை எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் கேட்கும் கேள்வி கதவைத் தட்டுவதற்குப் பதில் சுவரைத் தட்டுகிறது.

அதே பாலத்தைப் பற்றி இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "இந்தப் பாலத்துக்கான மதிப்பீடு எந்தத் தேதியில் தலைமைப் பொறியாளருக்கு அனுப்பப்பட்டது? மதிப்பீட்டுத் தொகை எவ்வளவு? நபார்டு (வேளாண்மை, ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கி) கடனுதவித் திட்டத்தில் சேர்க்கப் பரிந்துரைக்கப்பட்டதா? இல்லையென்றால் காரணம் என்ன?" இதற்குப் "பரிசீலிக்கப்படும்" என்று சொல்லித் தப்ப முடியாது. தேதியோ தொகையோ காரணமோ ஏதாவது ஒன்று அவைக்குறிப்பில் ஏறியாக வேண்டும். பதில் தயாரிப்பதற்காகத் தலைமைச் செயலகத்திலிருந்து கோட்ட அலுவலகம் வரை அந்தக் கோப்பைத் தேடுவார்கள். தூசி படிந்து கிடந்த ஒரு கோப்பைத் தேடி எடுக்க வைப்பதே பெரிய விஷயம்.

இன்னும் பலமான கேள்விகள் ஏற்கெனவே அறிவிக்கப்பட்ட பணிகளைப் பற்றியவை. பேரவை விதி 110-இன் கீழ் அரசு ஓர் அறிவிப்பை வாசித்தால் அதன் மீது அப்போது விவாதம் கிடையாது. ஆனால் அடுத்த கூட்டத்தொடரில் அந்தப் பணி எந்த நிலையில் இருக்கிறது, அரசாணை வந்ததா, எவ்வளவு செலவானது என்று கேட்க எந்தத் தடையும் இல்லை. புதிதாக ஒன்றைக் கேட்பதைவிட, வாக்குக் கொடுத்ததைக் கேட்பது எப்போதும் வலுவானது.

தவறான அமைச்சரிடம் போகும் கேள்விகள்

இந்தத் தவறுதான் அதிக நேரத்தைத் தின்கிறது. மக்களின் கண்ணுக்குச் சாலை ஒன்றுதான். அரசின் கணக்கில் அது அப்படியில்லை. மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கியச் சாலை, மாவட்ட இதரச் சாலை எல்லாம் நெடுஞ்சாலைத் துறையிடம் இருக்கின்றன. ஊராட்சி ஒன்றியச் சாலையும் ஊராட்சிச் சாலையும் ஊரக வளர்ச்சித் துறையின் கீழ் வருகின்றன. நகராட்சித் தெரு நகராட்சி நிர்வாகத் துறையைச் சேர்ந்தது. தேசிய நெடுஞ்சாலை என்றால் கடைசி முடிவு ஒன்றிய அரசிடம் இருக்கிறது. ஊராட்சி ஒன்றியச் சாலையைப் பற்றி நெடுஞ்சாலைத் துறை அமைச்சரிடம் கேட்டால், "அது எங்கள் துறையின் கட்டுப்பாட்டில் இல்லை" என்ற ஒரே வரியில் முடிந்துவிடும். ஒரு கூட்டத்தொடர் போச்சு.

ஏரி, குளங்களிலும் இதே கதைதான். பொதுவாக 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) உள்ள ஏரி நீர்வளத் துறையிடம் இருக்கும்; அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. கோயில் குளமாக இருந்தால் அறநிலையத் துறையும் உள்ளே வரும். ஒரே வாய்க்காலில் தண்ணீர் வாங்கும் இரண்டு ஏரிகள் இரண்டு துறைகளிடம் இருப்பது சாதாரணம். வரத்து வாய்க்காலில் ஆக்கிரமிப்பு என்றால் வருவாய்த் துறையும் சேர்ந்துகொள்ளும்.

மருத்துவமனையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையம் பொது சுகாதார இயக்ககத்தின் கீழும், வட்ட மருத்துவமனை மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள் இயக்ககத்தின் கீழும், மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மருத்துவக் கல்வி இயக்ககத்தின் கீழும் இயங்குகின்றன. அமைச்சர் ஒருவர்தான். ஆனால் டாக்டர் பணியிடம் காலியாக இருப்பதைப் பற்றிய கேள்வியில் எந்த நிலையம், எந்த இயக்ககம் என்று குறிப்பிடாவிட்டால், மாநிலம் முழுவதற்குமான பொதுப் புள்ளிவிவரம்தான் பதிலாக வரும்.

ரயில்வே மேம்பாலங்கள் தனி ரகம். தண்டவாளத்துக்கு மேலே உள்ள பகுதியைப் பெரும்பாலும் ரயில்வே கட்டும். இரு பக்க அணுகுசாலைகளை மாநில நெடுஞ்சாலைத் துறை கட்டும். ரயில்வே தன் பகுதியை முடித்துவிட்டு நிற்க, அணுகுசாலைக்கு நிலம் எடுக்கப்படாததால் பாலம் அந்தரத்தில் நிற்கும். அந்த இடத்தில் மாநில அமைச்சரிடம் கேட்க வேண்டியது நில எடுப்பைப் பற்றி மட்டும்தான். ரயில்வேயைத் திட்டுவதற்கு அந்த நேரத்தைச் செலவழித்தால் மாநில அரசின் பகுதி கேட்கப்படாமலே போய்விடும்.

தீர்வு கடினமானதல்ல. கேள்வி எழுதுவதற்கு முன் நெடுஞ்சாலைத் துறையின் உதவிக் கோட்டப் பொறியாளரிடமோ வட்டார வளர்ச்சி அலுவலரிடமோ ஒரு தொலைபேசி அழைப்பு போதும். சாலையின் வகை, பெயர், எந்தக் கிலோமீட்டரிலிருந்து எதுவரை என்ற மூன்றும் கையில் இருந்தால் கேள்வி சரியான மேசைக்குப் போய்விடும்.

துணைக் கேள்வியை வீணடிப்பது

நட்சத்திரக் குறியிட்ட கேள்விக்கு அமைச்சர் அவையிலேயே வாய்மொழியாகப் பதில் சொல்வார், அதன் மேல் துணைக் கேள்வி கேட்கலாம். குறியிடாத கேள்விக்கு எழுத்தில் பதில் வரும், அவ்வளவுதான்.

இந்தத் துணைக் கேள்வி சும்மா கிடைத்த உரிமையல்ல. பிரிட்டிஷ் ஆட்சியின் 1892-ஆம் ஆண்டு இந்திய கவுன்சில்கள் சட்டத்தில்தான் சட்டமன்றங்களில் கேள்வி கேட்கும் உரிமையே வந்தது, அப்போதும் பதில்மீது திருப்பிக் கேட்க முடியாது. 1909-ஆம் ஆண்டின் மின்டோ–மார்லி சீர்திருத்தத்துக்குப் பிறகு, கேள்வி கேட்டவர் மட்டும் துணைக் கேள்வி கேட்க அனுமதி கிடைத்தது. அதிகாரத்தில் இருப்பவர்கள் அதை எவ்வளவு தயங்கித் தயங்கிக் கொடுத்தார்கள் என்பதிலிருந்தே அதன் மதிப்பு தெரியும்.

இன்று அந்த நேரம் எப்படிப் போகிறது? தலைவர்களைப் புகழ்ந்து, தொகுதியின் வரலாற்றைச் சொல்லி, வாய்ப்புக்கு நன்றி கூறிவிட்டுக் கடைசியில் சம்பந்தமே இல்லாத வேறொரு ஊருக்குப் பேருந்து நிலையம் கேட்கிறார்கள். 2021 ஆகஸ்டில் அன்றைய முதல்வர் மு.க.ஸ்டாலினே தன் கட்சி உறுப்பினர்களைப் பார்த்து, மானியக் கோரிக்கை (துறைகளுக்கான நிதி ஒதுக்கீடு) விவாதத்தில் தன்னைப் புகழ்ந்து நேரத்தை வீணாக்காதீர்கள் என்று அவையிலேயே எச்சரிக்க வேண்டியிருந்தது. இந்தப் பழக்கம் எந்த ஒரு கட்சிக்கும் சொந்தமானதல்ல. 2022 ஜனவரியில் கேள்வி நேரம் நேரலையாக ஒளிபரப்பாகத் தொடங்கிய பிறகு, தொகுதி மக்கள் இதையெல்லாம் வீட்டிலிருந்தே பார்க்கிறார்கள் என்பதையாவது உறுப்பினர்கள் நினைத்துப் பார்க்கலாம்.

நல்ல துணைக் கேள்வி அமைச்சரின் பதிலிலிருந்து பிறக்கும். "சாத்தியக்கூறு இல்லை" என்றால், ஆய்வு செய்தது யார், எப்போது, எந்த அளவுகோலின்படி இல்லை என்று கேட்க வேண்டும். அதற்கு அளவுகோல் முதலில் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். சமவெளியில் 30,000 பேருக்கும், மலை மற்றும் பழங்குடிப் பகுதிகளில் 20,000 பேருக்கும் ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது தேசிய அளவிலான நெறி. உங்கள் வட்டாரத்தின் மக்கள்தொகையோடு அதை ஒப்பிட்டுக் கையில் வைத்திருந்தால், "சாத்தியக்கூறு இல்லை" என்ற பதில் அங்கேயே ஆட்டம் காணும்.

கேள்வி அலுவலகத்திலேயே நின்றுபோவது

சில கேள்விகள் அவைக்கே வருவதில்லை. குற்றச்சாட்டும் வாதமும் கிண்டலும் கலந்த கேள்விகள், அமைச்சரின் சொந்தக் கருத்தைக் கேட்பவை, நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ளவை ஏற்கப்படாது. ஆக்கிரமிப்பு, நில எடுப்பு விஷயங்களில் வழக்கு இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுவது நல்லது. கோபம் இருந்தால் அதை விவாதத்தில் காட்டலாம், கேள்வித்தாளில் வேண்டாம்.

இன்னொன்றையும் அழுத்தமாகவே சொல்ல வேண்டும். ஒப்பந்ததாரருக்காகவோ நிறுவனத்துக்காகவோ கேள்வி கேட்பது வெறும் தவறு அல்ல, துரோகம். கேள்வி கேட்கப் பணம் வாங்கியதற்காக 2005 டிசம்பரில் 11 நாடாளுமன்ற உறுப்பினர்கள் பதவியிழந்தார்கள். அவையில் பேசவோ வாக்களிக்கவோ லஞ்சம் வாங்கினால் உறுப்பினருக்கான சிறப்புரிமை பாதுகாப்புத் தராது என்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு 2024 மார்ச்சில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

பதில் வந்ததும் மறந்துவிடுவது

எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு இதுதான். அமைச்சர் "இந்த நிதியாண்டில் எடுத்துக்கொள்ளப்படும்" என்று சொல்லிவிட்டார். சரி, அப்புறம்? பெரும்பாலும் அதை யாரும் தொடர்வதில்லை.

பேரவையில் அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று இருக்கிறது. அமைச்சர்கள் அவையில் கொடுத்த வாக்குறுதிகள் நிறைவேறினவா என்று பார்ப்பதுதான் அதன் வேலை. மாவட்டங்களுக்கும் நேரில் போய் ஆய்வு செய்கிறது. நாடாளுமன்ற நடைமுறையில் "பரிசீலனையில் உள்ளது", "விசாரிக்கிறேன்" போன்ற வழக்கமான சொற்றொடர்கள்கூட உறுதிமொழிப் பட்டியலில் இடம்பெறுகின்றன. அங்கே மூன்று மாதங்களுக்குள் நிறைவேற்ற வேண்டும் என்ற வரையறையும் உண்டு. அமைச்சர் சொன்னதை அவைக்குறிப்பிலிருந்து அப்படியே எடுத்து, தேதியுடன் இந்தக் குழுவின் கவனத்துக்குக் கொண்டுபோனால், காணொலியில் முடிந்துபோகிற பதில் ஒரு கடனாக மாறும். குழு உங்கள் மாவட்டத்துக்கு வரும்போது ஊர்க்காரர்களும் அதே தாளைக் கையில் வைத்திருக்கலாம்.

மனுக்கள் குழுவும் இருக்கிறது. பொதுமக்கள் நேரடியாகவே அதற்கு மனு அனுப்பலாம், ஆனால் ஊர்களில் பலருக்கு இது தெரிவதில்லை.

ஊர்க்காரர்கள் செய்யும் தவறுகள்

எம்.எல்.ஏ.விடம் போகும் மனுவில் குடிநீர், சாலை, பேருந்து, மின்மாற்றி, ரேஷன் கடை, பட்டா என்று எல்லாம் ஒரே தாளில் இருக்கும். எதையும் விட மனம் வராது, அது புரிகிறது. ஆனால் துறைக்கு ஒரு தாளாகப் பிரித்துக் கொடுத்தால்தான் உதவியாளரால் அதைக் கேள்வியாக மாற்ற முடியும். 2022-இல் 'உங்கள் தொகுதியில் முதலமைச்சர்' திட்டத்துக்காக ஒவ்வொரு எம்.எல்.ஏ.விடமும் 10 முக்கியக் கோரிக்கைகள் மட்டும் கேட்கப்பட்டன. எது முதலில், எது பிறகு என்று ஊருக்குள் பேசித் தெளிவாக இருந்தவர்களுக்கு அந்தப் பட்டியலில் இடம் கேட்பது சுலபமாக இருந்திருக்கும்.

நேரமும் முக்கியம். நிதிநிலை அறிக்கைக்குப் பிறகு துறைவாரியாக மானியக் கோரிக்கை விவாதம் நடக்கும்போது ஒவ்வொரு துறையும் கொள்கை விளக்கக் குறிப்பு வெளியிடும். எந்தத் திட்டத்துக்கு எவ்வளவு நிதி, கடந்த ஆண்டில் எவ்வளவு வேலை நடந்தது என்று அதில் இருக்கும், தமிழிலும் கிடைக்கும். அதைப் படித்து, உங்கள் பாலம் எந்தத் திட்டத்தில் பொருந்தும் என்று பார்த்து, சாலைப் பெயர், மழையில் போக்குவரத்து நின்ற தேதிகள், ஏற்கெனவே கொடுத்த மனுக்களின் எண், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வந்த பதில் நகல் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்து, கூட்டத்தொடர் அறிவிக்கப்படும் முன்பே எம்.எல்.ஏ. அலுவலகத்தில் கொடுங்கள். கேள்விகளுக்கு முன்கூட்டியே அறிவிப்புத் தர வேண்டும் என்பதால், பேரவை கூடிய பிறகு ஓடிப்போய்க் கொடுக்கும் மனு பெரும்பாலும் அடுத்த கூட்டத்தொடருக்குத்தான் போகும்.