காபரேற்றர் கிளிப்பை மாற்றுவது எப்படி?

வெள்ளவத்தையில், கடலுக்கு ஓர் ஒழுங்கை தள்ளித்தான் என் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. உப்புக் காற்றில், பெற்றோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் காபரேற்றரைப் பிடித்திருந்த கிளிப் கறள் பிடித்து, திருகாணி செல்லும் காதருகே வெடித்துவிட்டது. திறொட்டிலை விட்ட பின்னும் எஞ்சின் வேகம் உடனே இறங்கவில்லை. சைலன்சரில் படபடவென்று சத்தம் கேட்டது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் முனை வெளுத்திருந்தது. திறொட்டிலைத் திருகாதபோது எஞ்சின் ஓடும் வேகத்தைச் சரிசெய்யும் ஐட்லிங் ஆணிதான் காரணம் என்று நினைத்து அதைத் திருகியே ஒரு வாரத்தை வீணாக்கினேன். காபரேற்றருக்கும் சிலிண்டர் தலைக்கும் இடையிலுள்ள இறப்பர்க் குழாயில் பிடி தளர்ந்தால், காபரேற்றர் வழியே வராத காற்று உள்ளே புகுந்து கலவையில் பெற்றோலின் பங்கைக் குறைக்கிறது. அப்படியே ஓட்டினால் எஞ்சின் மிகையாகச் சூடாகும் என்பதால் இந்த வேலையைத் தள்ளிப்போடாதீர்கள்.

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, காற்றோட்டமான இடத்தில், நெருப்பு எதுவும் அருகில் இல்லாமல் தொடங்குங்கள். பெற்றோல் தாங்கியிலிருந்து வரும் பெற்றோலை நிறுத்தும் டப்பை மூடி, குழாயைக் கழற்றி, காபரேற்றரின் அடியிலுள்ள ஆணி வழியாக மீதிப் பெற்றோலை வடித்துவிடுங்கள். கிளிப்பின் ஆணித்தலை எந்தப் பக்கம் பார்த்து இருக்கிறது என்பதைத் தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள்.

ஜப்பானிய வண்டிகளின் ஆணித்தலையில் சிறு புள்ளி ஒன்று இருந்தால் அது பெரும்பாலும் ஜேஐஎஸ் (ஜப்பானியத் தொழில் தரநிலை) வகை. சாதாரண பிலிப்ஸ் ஸ்க்ரூ டிரைவர் அதில் முழுமையாக அமராமல் பள்ளத்தைத் தேய்த்துவிடும். இதற்காகவே நான் வெசல் என்ற ஜப்பானிய நிறுவனத்தின் ஸ்க்ரூ டிரைவர் ஒன்றை வைத்திருக்கிறேன்; வேறு எதையும் பரிந்துரைக்க மாட்டேன். தலை ஏற்கெனவே தேய்ந்திருந்தால், இறப்பருக்கும் கிளிப்புக்கும் இடையில் மெல்லிய தகரத் துண்டைச் செருகிக் கிளிப்பையே வெட்டி எடுத்துவிடுங்கள். எப்படியும் எறியப்போகும் பொருள்தான் அது. ஏயார் ஃபில்டர் பக்கக் கிளிப்பையும் தளர்த்தி, அந்த இறப்பரைப் பின்னே தள்ளி, காபரேற்றரை அசைத்து அசைத்து வெளியே எடுங்கள். திறந்திருக்கும் துவாரத்தில் உடனே சுத்தமான துணியைச் செருகுங்கள்.

நான் தவறியது அடுத்த கட்டத்தில். கையில் கிடைத்த சாதாரண ஹோஸ் கிளிப்பை, பட்டியில் வெட்டுத் துவாரங்கள் உள்ள வகையை, போட்டு இயன்றவரை இறுக்கினேன். கசிவு நிற்கவில்லை. கழற்றிப் பார்த்தபோது துவாரங்களின் விளிம்புகள் இறப்பரைக் கடித்து வரிவரியாகத் தடம் பதித்திருந்தன. ஆணிப் பெட்டி அமர்ந்திருந்த இடத்தில் இறப்பர் சற்றே மேலெழுந்து நின்றது. பட்டி சுற்றிலும் ஒரே சீராக அழுத்தவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. வண்டியுடன் வரும் கிளிப் வழவழப்பான பட்டி. இறப்பரின் வெளிப்புறப் பள்ளத்தின் அகலத்துக்குப் பொருந்துவது. சிலவற்றில் இரு காதுகளுக்கும் இடையே ஒரு சிறு உலோகக் குழல் இருக்கும். காதுகள் அதைத் தொட்டதும் இறுக்குவதை நிறுத்த வேண்டும்.

ஆகவே கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போகும்போது பழைய கிளிப்பைக் கொண்டுசெல்லுங்கள். காபரேற்றர் செருகிய நிலையில் இறப்பர்ப் பள்ளத்தின் வெளிவிட்டத்தை வேர்னியர் அளவுகோலால் அளந்து, புதிய கிளிப் பற்றும் எல்லையின் நடுவில் அந்த அளவு வருமாறு தெரிவுசெய்யுங்கள். விலை சிறிது கூடினாலும் துருப்பிடிக்காத எஃகையே வாங்குங்கள். கடலோரத்தில் வேறெதுவும் நிலைக்காது. இறப்பரை விரலால் மடித்துப் பாருங்கள். உள்வரை வெடிப்பு இருந்தால் அதையும் மாற்றாமல் பயனில்லை.

பூட்டும்போது துணியை எடுக்க மறக்காதீர்கள். இறப்பரின் உள்விளிம்பில் சோப்பு நீர் தடவி, காபரேற்றரின் கழுத்து முழுவதும் உள்ளே அமரும்வரை தள்ளுங்கள். ஒரு பக்கம் அமர்ந்து மறுபக்கம் அமராமல் இருப்பது எளிதில் நடக்கும். விரலால் சுற்றிலும் தடவினால்தான் தெரியும். இறுக்கிய பின் எஞ்சினை ஐட்லிங்கில் விட்டு, இறப்பர் மூட்டின் மீது சிறிது தண்ணீர் தெளியுங்கள். சத்தம் மாறினால் கசிவு இன்னும் இருக்கிறது. சூடான எஞ்சின் மீது காபரேற்றர் கிளீனரைத் தெளித்துச் சோதிக்க வேண்டாம், அது தீப்பற்றும்.

பின்சேர்க்கை: தங்கள் 100 சிசி வண்டியில் எஞ்சின் பக்கம் கிளிப்பே இல்லை என்று இருவர் கேட்டிருந்தனர். அத்தகைய வண்டிகள் பலவற்றில் காபரேற்றர் இரண்டு சுரைகளால் பூட்டப்பட்டிருக்கும். அங்கே கசிந்தால் மூட்டை அடைக்கும் இறப்பர் வளையமான ஓ-ரிங்கைப் பாருங்கள். ஏயார் ஃபில்டர் பக்கக் கிளிப் அவற்றிலும் உண்டு. அது தளர்ந்தால் வடிகட்டாத தூசி நேரே சிலிண்டருக்குப் போகும்.